லிப்மன் கடையில் நம் பேகலுக்கு நேர்ந்த அவமானம்

அன்புள்ள அப்பாவுக்கு ரெய்சல் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா? நான் நன்றாக இருக்கிறேன். கோபத்தில் இருக்கிறேன், அவ்வளவுதான்.

இந்த நியூயார்க்கில் என் வீட்டுக்குக் கீழே லிப்மன் என்பவர் பேகல் ரொட்டிக் கடை வைத்திருக்கிறார். அவருடைய பேகல் தலையணை மாதிரி உப்பிக் கிடக்கும், நடுவில் ஓட்டையைத் தேடத்தான் வேண்டும். எங்கள் மான்ட்ரியலில் மெல்லிசாக வளைத்து, தேன் தண்ணீரில் வேகவைத்து விறகடுப்பில் சுடுவோம் என்று சொன்னேன். "அதுவா? அது கொழந்தைக்குப் போடுற வளையல்ம்மா!" என்றார். வரிசையே சிரித்தது.

விடுவேனா? நீங்கள் அங்கிருந்து கொடுத்தனுப்பிய பேகலில் ஃப்ரீசரில் மிச்சமிருந்த கடைசி ஒன்றை வாட்டி, மறுநாள் காலை அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

"வாட்டியா கொண்டாந்தே? நல்ல பேகலை எவனாவது வாட்டுவானா? பழசுன்னு நீயே ஒத்துக்கிட்டே, போ!"

கடையே அவர் பக்கம் சேர்ந்துகொண்டது. என்ன அநியாயம் அப்பா! அப்படித் திட்டிக்கொண்டே முழுவதையும் அவரே தின்று தீர்த்தார். எனக்கு ஒரு துண்டுகூட வைக்கவில்லை.

அடுத்த வாரம் இங்கே வரும் மெண்டல் சித்தப்பாவிடம் எள் போட்டதில் ஒரு டஜன் கொடுத்தனுப்புங்கள். சூட்டோடு பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், நமுத்துவிடும். காகிதப் பை போதும்.

ரொம்ப நன்றாக இருப்பதாகவும் பார்த்து அனுப்பாதீர்கள். அந்த மனிதர் தோற்றுவிட்டேன் என்று சொல்லிவிட்டால், தினமும் காலையில் நான் யாரோடு பேசுவது?

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் ரெய்சல்