அக்காவின் பெட்டிச் சாவி

திருப்போரூர்
20.11.2003

அன்பு மகள் காயத்ரிக்கு, அம்மா சொல்லத் தங்கை எழுதுவது. இங்கே நாங்களும் இரண்டு மாடுகளும் நன்றாக இருக்கிறோம், புனேக் குளிர் உனக்கு ஒத்துக்கொண்டதா, காதை மூடிக்கொண்டு ஆபீசுக்குப் போ. போன செவ்வாய்க்கிழமை, வீட்டில் யார் எத்தனை வருஷம் படித்தார்கள் என்று கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். உனக்குப் பதினாறு என்று எழுதிவிட்டு, நீ வெளியூர் என்றதும் அழித்துவிட்டாள். 'இன்னாம்மா இது, படிக்க வெச்சது நாங்க, கணக்கு மட்டும் புனேவுக்கா' என்று கேட்டேன். இங்கே சாப்பிடுகிறவர்களை மட்டும்தான் எழுதணுமாம். பக்கத்து வீட்டு லதா வேறு, 'படிச்ச வூடுன்னு பீத்திகினு இருந்தியே, உன் வூட்டுக்காரரு மூணு, சின்னது எட்டு, நீ முட்ட, மொத்தம் பதினொண்ணுதான் கீது' என்று சிரித்தாள். பொங்கலுக்கு வரும்போது சர்ட்டிபிகேட்டைக் கொண்டு வா, அவளுக்குக் காட்ட வேண்டும். உன் புத்தகப் பெட்டியை யாரும் தொடவில்லை, சாவியைத் தொலைத்துவிடாதே. கந்தசாமி துணையிருப்பார், நூறு வருஷம் நன்றாக இரு.

அக்கா, இதுவரை அம்மா சொன்னது. அவள் பால் கறக்கப் போயிருக்கிறாள். அந்தப் பெண் வந்ததும் நான் முதலில் பார்த்தது, அவள் பென்சிலால் எழுதுகிறாள் என்பதைத்தான். உன் பதினாறை அழித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, நீ கோபித்துக்கொண்டாலும் சரி. நீ காலேஜ் சேர்ந்த வருஷம்தான் அம்மாவுக்கு இடுப்பு பிடித்து, மாட்டுக்கு ஆள் இல்லையென்று ஒன்பதாவதில் என்னை நிறுத்தினார்கள். தெருவில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுப்பது நான், வருகிறவர்களுக்கு அம்மா காட்டுவது உன் போட்டோவை. கடைசியாக, இன்னும் படிக்கிறவர் உண்டா என்று ஒரு கேள்வி. 'அது எங்க படிக்குது, மாட்டோட நிக்குது' என்றாள் அம்மா. அந்தப் பெண் 'இல்லை' என்று எழுதிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தாள். எனக்கு வாய்விட்டுச் சொல்ல வராது. ரப்பரை எடுத்து அழித்துவிட்டு 'ஆம்' என்று எழுதினேன். அன்றிலிருந்து பயமாகவே இருக்கிறது, எழுதியதை உண்மையாக்கிவிட வேண்டும். பத்தாவது தனித்தேர்வு எழுதலாம் என்று விசாரித்துவிட்டேன், புத்தகம்தான் இல்லை. எல்லாம் உன் பெட்டியில் இருக்கிறது. கேட்டால் நீ உடனே கொடுத்துவிடுவாய், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நேற்று அம்மிக் குழவியால் பூட்டை உடைத்தேன்.

இப்படிக்கு
அம்மா எல்லம்மாள் (கைநாட்டு)
எழுதியவள், உன் தங்கை வேண்டா