வெடிச்ச பதினொரு கிண்ணம்

என்ர அன்பு மச்சான் குகன்,

நீ போய் எட்டு மாதம். இதுவரைக்கும் உனக்கு ஒரு வரி எழுதேல்லை. உன்ர படத்துக்கு முன்னாலை நிக்கவே கூச்சமாக் கிடக்கு, பிறகெங்கை கடிதம்? ஆனால் இது உனக்கு மட்டும் சொல்லி முடியிற விஷயமில்லை. உன்ர முப்பத்தோராம் நாளிலை கிண்ணம் வாங்கிக்கொண்டு போன பத்து வீட்டுக்காரரும் வாசிக்கட்டும் எண்டுதான் ஊரறிய எழுதுறன்.

அந்த மாமரம் ஞாபகமிருக்கே? மழைக்காத்திலை வெள்ளவத்தை ரெயில் பாதைப் பக்கம் சாஞ்சு கிடந்ததை மாநகரசபை ஆக்கள் வந்து அறுத்து லொறியிலை ஏத்தேக்கை, நீ சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு ஓடினாய். "மல்லீ, ஓக்க விசி கரண்ட எப்பா!" எறியாதை எறியாதை எண்டு நீ கத்தின கத்துக்கு அவங்கள் சிரிச்சுப்போட்டு, நாலு கட்டையை உன்ர கேற்றடியிலை இறக்கிவிட்டாங்கள். உன்ர மனிசி, என்ர தங்கச்சி வசந்தி, தலையிலை கை வைச்சாள். "விறகுக் கடை போடப் போறியளே, இஞ்சையப்பா?"

அடுத்த ரெண்டு கிழமையும் பின் விறாந்தையிலை உன்ர கடைச்சல் மிசின் ஓயேல்லை. உளி பட்டவுடனை பச்சை மரத்திலையிருந்து தண்ணி சீறி உன்ர மூக்குக்கண்ணாடியெல்லாம் ஈரம். நான் கட்டையைத் தூக்கித் தந்தன், நீ கடைஞ்சாய். பன்னிரண்டு கிண்ணம், எல்லாம் முரடா, ஒரு அங்குலத் தடிப்பிலை.

"இவ்வளவு மொத்தமா ஆருக்கடா? யானைக்கே?" எண்டு கேட்டன்.

"பச்சை மரம் காயேக்கை கோணும் மச்சான். கோணுறதுக்கு இடம் விட்டு வைக்கவேணும். காய்ஞ்ச பிறகுதான் மெல்லிசாக்கிறது," எண்டாய்.

ஒவ்வொண்டையும் அது சீவின தூளோடையே பேப்பர் பைக்குள்ளை போட்டு, கட்டிலுக்குக் கீழை அடுக்கினாய். அடியிலை பென்சிலாலை கடைஞ்ச திகதி, நிறை, அதுக்குக் கீழை 'ஒரு வருஷம் தொடாதை.' மாதத்துக்கு ஒருக்கா வசந்தியின்ர சமையல் தராசிலை நிறுக்கவேணுமாம். நிறை குறையாமல் நிண்டால்தான் மரம் காய்ஞ்சதெண்டு அர்த்தமாம்.

பொறுக்க நீ இருக்கேல்லை. நெஞ்சுநோவை ஒருத்தருக்கும் சொல்லாமல் வைச்சிருந்து, கடைசியிலை களுபோவில ஆஸ்பத்திரிக்குப் போனாய். நாலாம் நாள் உன்னைப் பொரளைச் சுடலைக்குக் கொண்டு போனம்.

முப்பத்தோராம் நாள் வாற சனத்துக்குப் பேர் வெட்டின எவர்சில்வர் சட்டி குடுக்கிறதுதானே எங்கடை வழக்கம். வசந்தி பம்பலப்பிட்டியிலை ஓடர் குடுக்கச் சொன்னாள். நான்தான் பெரிய மனிசன் மாதிரி எழும்பினன். "அவன் கையாலை கடைஞ்சது கிடக்கேக்கை கடைச் சட்டியே? நெருங்கின ஆக்களுக்கு அதைக் குடுப்பம். விடு, நான் பாக்கிறன்." உனக்காகச் செய்யிறன் எண்டு அப்ப நானே நம்பினன். சனம் என்னை மெச்சவேணும் எண்ட ஆசை, மச்சான். வேறை ஒரு மண்ணுமில்லை.

கட்டிலுக்குக் கீழை கிடந்ததைப் பாதிப் பாதியா எடுத்தன். மொட்டைமாடியிலை மூண்டு நாள் வெயிலிலை வைச்சன். கையிலை எடுத்தால் இன்னும் பாரம். தெரிஞ்சுதான் செய்தன். மெல்லிசாக் கடைஞ்சு, வார்னிஷ் அடிச்சு, அடியிலை உன்ர பேரையும் பிறந்த திகதி, போன திகதியையும் சுட்டுப் பதிக்க இடம் வேணுமெண்டு, நீ பென்சிலாலை எழுதினதையெல்லாம் சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்ச்சன். முடிய எண்ணினால் பதினொண்டுதான் அம்பிட்டுது. நீ ஆக்கப் பொறுத்தாய். நான் ஆறப் பொறுக்கேல்லை.

அண்டைக்கு எல்லாரும் கிண்ணத்தைக் கண்ணிலை ஒத்திக்கொண்டு போச்சினம். எனக்கெண்டால் பெருமையிலை புளுகம் தாங்கேலாது. ஒரு மாதம் போகேல்லை, ஒண்டொண்டா வெடிக்கத் தொடங்கிச்சுது. தெஹிவளையிலை உன்ர ஒபிஸ் நண்பர் வீட்டிலை விளிம்பு பிளந்து போச்சு. எங்கடை வீட்டுக்கெண்டு நான் வைச்சது, குசினி மேசையிலை இருந்தபடியே 'டக்' எண்டு சத்தம் போட்டுப் பிளந்துது.

பிறகு கொட்டாஞ்சேனைக்கு உன்ர பெரியக்கா வீட்டுக்குப் போனன். உன்ர படத்தடியிலை திருநீறு போட்டு வைச்ச கிண்ணம் பேருக்குக் குறுக்காலை வெடிச்சிருந்தது. அக்கா அதுக்குச் செலோ டேப் சுத்தி வைச்சிருந்தா. "பாவம் என்ர தம்பி. நோவோட கடைஞ்சதெல்லே, மரத்தை வடிவாப் பாக்கேல்லைப் போல," எண்டா.

"ஓம் அக்கா," எண்டன். தந்த தேத்தண்ணியையும் குடிச்சிட்டு வந்தன்.

செத்தவன் திரும்பிக் கதைக்க மாட்டான் எண்ட துணிவுதானே? நீ ஒரு வேலையையும் அரைகுறையா விட்டவனில்லை. உன்ர வேலை பிழையெண்டு உன்ர சொந்த அக்கா சொல்ல, நான் தலையாட்டிப்போட்டு வந்திருக்கிறன். சீ! நானும் ஒரு மனிசனே?

போன கிழமை வசந்தியிட்டை எல்லாத்தையும் சொன்னன். ஏசுவாள் எண்டு நினைச்சன். அவள் உள்ளை போய், அலுமாரியிலையிருந்து ஒரு பேப்பர் பையைக் கொண்டு வந்து மேசையிலை வைச்சாள். பன்னிரண்டாவது கிண்ணம். அப்ப தேடினனான், நான்தான் பிழையா எண்ணிப்போட்டன் எண்டு விட்டனான்.

"நீங்கள் முதல் கிண்ணத்தைத் தேய்க்கேக்கை நான் கதவடியிலை நிண்டனான், அண்ணா," எண்டாள். "அவர் கடைசியா எழுதின எழுத்து அது. அதுதான் ஒண்டை எடுத்து ஒளிச்சனான்."

"ஏன் பிள்ளை என்னை மறிக்கேல்லை?"

"நீங்கள் அழுதழுதெல்லோ தேய்ச்சுக்கொண்டிருந்தியள்."

அழுததுகூட எனக்கு ஞாபகமில்லை, மச்சான். கிண்ணத்தைக் கவிட்டுப் பாத்தன். உன்ர எழுத்து அப்பிடியே கிடக்கு. அதுக்குக் கீழை, மாதாமாதம் நிறுத்து வசந்தி எழுதின நிறை. இன்னும் குறைஞ்சுகொண்டுதான் இருக்கு.

வாற ஞாயிறு கொட்டாஞ்சேனைக்குப் போறன். அக்காவின்ர முகத்தைப் பாத்து, "மரத்தைக் கெடுத்தது நான், உங்கடை தம்பி இல்லை" எண்டு வாயாலை சொல்லுவன். தேத்தண்ணி தந்தால் பாப்பம். மற்ற வீடுகளுக்கும் ஒவ்வொண்டாப் போவன்.

வருசம் முடிய வாற ஆட்டைத்திவசத்துக்கு இந்தக் கிண்ணத்தைக் கடைஞ்சு தாங்கோ எண்டு வசந்தி கேட்டாள். நிறை நிக்காட்டி மாட்டன் எண்டிட்டன். திவசம் வந்தால் வரட்டும், சனம் கேட்டால் கேக்கட்டும். தராசு நிண்ட பிறகுதான் உளியைத் தொடுவன். அப்பவும் அடியைத் தொடமாட்டன், குகன். உன்ர எழுத்து உன்ர எழுத்தாவே இருக்கட்டும்.

வசந்தியின்ர அண்ணன்,
உன்ர பேரைக் கெடுத்த மச்சான்