பேஸ் வாசிக்கிறவன்

2004 ஜூலை 11, ஞாயிறு

இருங்காட்டுக்கோட்டை ரூமில் ஃபேன் இன்றைக்கும் சுற்றவில்லை. தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

காலையில் பிராக்டிஸ். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கல்யாண மண்டபம், அதன் சாப்பாட்டுக் கூடம்தான் எங்களுக்கு ஸ்டுடியோ. மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிற சம்பத்குமார் சாருக்கு பேங்கில் வேலை, ராக் கேசட் பைத்தியம். முகூர்த்தம் இல்லாத நாளில் சாவியைக் கொடுத்துவிடுவார். இந்த வாரம் ஆடி பிறக்கிறது. ஊரில் கல்யாணம் நிற்கிற மாதம், எங்களுக்கு அதுதான் சீசன். ஆடி ஞாயிறுகளில் அங்கே கச்சேரி. இன்ஜினியரிங் காலேஜ் பாண்டுகளும் வருகின்றன. சினிமாப் பாட்டு கூடாது, சொந்தப் பாட்டு மட்டும் என்று சார் கறாராகச் சொல்லிவிட்டார்.

எங்கள் பாண்டின் பெயர் 'ஓ.டி.', ஓவர்டைம். நான் ஆரம்பித்தது. கம்பெனியில் பெயிண்ட் ஷாப்பில் இருக்கிற நயினார் டிரம்ஸ். நான் எழுதி, பாடி, கிட்டாரும் வாசித்துக்கொண்டிருந்தேன். பிறகு சக்திகுமாரைச் சேர்த்தேன். பிரஸ் மிஷினில் என் ஜோடி அவன். அவன் காலை ஏ ஷிப்ட் என்றால் நான் மதியம் பி ஷிப்ட். அந்த மிஷினை ஓட்டத் தெரிந்தது எங்கள் இருவருக்கு மட்டும்தான், அதனால் இரண்டு பேரும் ஒரே நாளில் லீவு போட முடியாது. மிஷினைக் கற்றுக் கொடுத்தது நான். கிட்டாரில் விரல் வைக்கச் சொல்லிக் கொடுத்ததும் நான்.

போன மாதம் நயினார் மெதுவாகச் சொன்னான்: "அவனே பாடட்டும்ணே. கிட்டாரும் அவன்ட்ட குடுத்துருங்க. பேஸ் கிட்டாருக்குத்தான் ஆளில்ல, அத நீங்க எடுத்துக்கோங்க."

எடுத்துக்கொண்டேன். பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவனுக்கு ரசம் மட்டும் மிஞ்சுகிற மாதிரி.

ஜூலை 18, ஞாயிறு

முதல் கச்சேரி. கூடம் நிறைந்துவிட்டது. எங்கள் ரூம் பையன்கள், காலேஜ் பையன்கள், ஹாஸ்டலில் தங்கி வேலைக்குப் போகிற பெண்கள்கூட வந்திருந்தார்கள்.

என் பாட்டுதான் 'ஜன்னல் சீட்'. கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொண்டு ஏறுகிறவன், ஒரு மரத்தைக்கூடப் பார்க்காமல் தூங்கிப்போவதைப் பற்றியது. சக்தி பாடினான். முடித்ததும் விசில். ஒன்ஸ்மோர். மறுபடி பாடினான், மறுபடி விசில்.

நான் பக்கத்திலேயேதான் நின்றேன். முடிந்ததும் ஒருத்தன் ஓடி வந்தான். எனக்குத்தான் கை கொடுக்க வருகிறான் என்று நினைத்து நானும் கையை நீட்டிவிட்டேன். "அண்ணே, பாடுன அண்ணன் எந்த ரூம்ல இருக்காரு?" என்கிறான். இன்னொருத்தன் என்னை மைக் செட் ஆள் என்று நினைத்து, ஒயரைச் சுருட்டிக் கையில் கொடுத்துவிட்டுப் போனான். சுருட்டி வைத்தேன். வேறென்ன செய்ய?

ஜூலை 19

ஷிப்ட் மாறும்போது சக்தி சிரித்துக்கொண்டே வந்தான். "நேத்து நல்லா இருந்துச்சுல்லாண்ணே?" ஆயில் லெவல் பார்த்தியா என்று கேட்டேன்.

ஆகஸ்ட் 1, ஞாயிறு

மெட்ராஸிலிருந்து லீலா மேடம் வந்திருந்தார். அங்கே மாதாமாதம் பாண்டுகளைக் கூப்பிட்டு மேடை போட்டுக் கொடுக்கிறவர். கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார். முடிந்ததும் நேராக சக்தியிடம் போனார். "செம வாய்ஸ்பா உனக்கு. இருபத்தொம்பதாம் தேதி காலைல எங்க ஸ்டேஜ்ல வந்து பாடுறீங்களா?"

'பாடுறீங்களா' என்றதில் நாங்களும் சேர்த்தி என்று நயினார் சந்தோஷப்பட்டான். அந்த அம்மாள் கண் சக்தியை விட்டு நகரவே இல்லையே, அதை நயினார் பார்க்கவில்லையா? நான் பார்த்தேன்.

ஆகஸ்ட் 23

நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். இருபத்தொன்பது ஞாயிறு வேலை நாள், ஏ ஷிப்ட் மட்டும். இந்த வாரம் ஏ ஷிப்ட் சக்தி. டிரெய்னி என்பதால் லீவு கேட்கவே முடியாது. அவனுக்கு ஒரே வழி மியூச்சுவல். நான் கையெழுத்துப் போட்டு அவனுக்குப் பதில் மிஷினில் நிற்க வேண்டும்.

யாராவது ஒருத்தர்தான் மேடைக்குப் போக முடியும். சூப்பர்வைசர் மாரி சார் கையை விரித்துவிட்டார். "இன்னாபா இது, பாட்டு கீட்டுன்னுகினு. உங்க ரெண்டு பேருக்குள்ள பேசி முடிச்சுக்கங்க."

ஆகஸ்ட் 24

சக்தி இதுவரை கேட்கவில்லை. கேட்டால் தரமாட்டேன். ஏன் தரணும்? பாண்டு யாருது? பாட்டு யாருது? அவன் வருவதற்கு முன் நான் பாடவில்லையா?

ஆகஸ்ட் 26

இன்றும் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான்: "நீங்க போங்கண்ணே. ஒங்க பாட்டுதான?"

முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டை போடுடா, கெஞ்சு, ஏதாவது செய்! எல்லாவற்றையும் மனதில் பேசி வைத்திருந்தேன், ஒன்றுக்கும் வேலை இல்லாமல் போய்விட்டது.

ஆகஸ்ட் 29, ஞாயிறு

பாடினேன். கிட்டாரும் நானே வாசித்தேன்.

மோசம் என்று சொல்ல முடியாது. வரி மறக்கவில்லை, சுருதி விலகவில்லை. கையும் தட்டினார்கள், பஸ் கண்டக்டர் சில்லறை கொடுப்பது போல, என்னைப் பார்க்காமல். மூன்றாவது பாட்டில் சிலர் டீ குடிக்க எழுந்து போனார்கள். கூச்சல் போட்டு இறக்கிவிட்டிருந்தால்கூடத் தேவலை.

லீலா மேடம் வந்தார். "அந்தப் பையன் எங்கப்பா?"

"அவன் பாண்டை விட்டுப் போயிட்டான் மேடம்."

வாயில் வந்துவிட்டது. வந்துவிட்டதா, சொன்னேனா? சொன்னேன். நயினார் டிரம்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தான்.

ஆகஸ்ட் 30

பி ஷிப்டுக்கு வந்த சக்தி முதலில் கேட்டது, "கை தட்டுனாங்களாண்ணே?" தட்டினார்கள் என்றேன். "நேத்து மிஷின் ஓட்டிக்கிட்டே நெனச்சேன், இன்னேரம் அண்ணன் ரெண்டாவது சரணத்துக்கு வந்துருப்பாருன்னு."

ஒரு வார்த்தை அவன் வயிற்றெரிச்சலாகப் பேசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கொடுத்து வைக்கவில்லை.

செப்டம்பர் 5, ஞாயிறு

நயினார் பிராக்டிஸுக்கு வரவில்லை. ரூமுக்குப் போனேன். பாயில் படுத்தபடியே பேசினான். "அந்த மேடம்ட்ட சொன்னதச் சரி பண்ணுங்கண்ணே. அது வரைக்கும் நான் குச்சியத் தொட மாட்டேன். சக்திட்ட இன்னும் சொல்லல. சொல்ல வச்சிராதீங்க."

செப்டம்பர் 12, ஞாயிறு

லீலா மேடம் நம்பர் வாங்க சம்பத்குமார் சார் வீட்டுக்குப் போனேன். அவர் ஆகஸ்ட் ஒன்றாம் தேதி கச்சேரியைக் கேசட்டில் பிடித்து வைத்திருக்கிறார். உட்காரச் சொல்லிப் போட்டுக் காட்டினார்.

'ஜன்னல் சீட்' வந்தது. வெளியிலிருந்து அதைக் கேட்பது இதுதான் முதல் தடவை. என்ன சொல்ல. அவன் குரலில் அது பாட்டு. என் குரலில் லீவு லெட்டர். எழுதினவனுக்கே தெரிகிறது.

சார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "அது சரி, கீழே ஒண்ணு அடக்கமா ஓடிண்டே இருக்கே, அந்தப் பையன் மேலே போறச்சே விழாம தாங்கறதே, அது யாரு வாசிக்கறா?"

நான்தான் சார் என்றேன். "அப்படியா!" என்று திரும்பிப் பார்த்தார். இத்தனை நாளில் இதைக் கேட்ட முதல் ஆள்.

அங்கிருந்தே மெட்ராஸுக்குப் போன் போட்டேன். "சக்தி திரும்ப வந்துட்டான் மேடம்" என்றேன். ஒரு பொய்யை மூட இன்னொரு பொய். முழு உண்மையைச் சொல்லும் தைரியம் இல்லை. அக்டோபர் பத்து, ஞாயிறு, வாங்க என்றார்.

அக்டோபர் 5

பத்தாம் தேதியும் வேலை நாளாம்! மறுபடி சக்தி முறை. சிரிப்புதான் வந்தது.

நானே போய் மியூச்சுவல் கொடுத்தேன். மாரி சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போன தபா முறைச்சிகினு நின்ன. இப்ப நீயா வந்து குடுக்கற. வூட்ல எதுனா பிரச்சனையாபா?"

பேஸுக்கு சம்பத்குமார் சாரின் அண்ணன் மகன் ஸ்ரீகிருஷ்ணா. காலேஜ் பாண்டில் வாசிக்கிறவன். பேஸ்தானே, யாரும் வாசிக்கலாம் என்றேன் நயினாரிடம்.

அக்டோபர் 10, ஞாயிறு

டூட்டி. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

அக்டோபர் 11

சக்தி பி ஷிப்டுக்கு வந்தான். தொண்டை கட்டியிருந்தது. அதே பாட்டை இரண்டு முறை பாடச் சொன்னார்களாம். எழுதினது பேச்சிராஜ் அண்ணன் என்று மைக்கில் சொன்னானாம். மார்கழியில் மறுபடி கூப்பிட்டிருக்கிறார்களாம். கேட்டுக்கொண்டே இருந்தேன். இதோ வயிறு எரியும், இதோ எரியும் என்று பார்த்தால் எரியவில்லை. என் கவலை வேறாக இருந்தது.

"பேஸ் எப்படிடா?"

"பரவால்லண்ணே. ஒங்கள மாதிரி வருமா?" பொய் சொன்னால் மூக்கைத் தேய்ப்பான். தேய்த்தான்.

கேன்டீனில் நயினாரைப் பிடித்தேன். அவன் இட்லியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "உள்ளதச் சொல்லட்டுமா? ஒங்கள விட நல்லா வாசிக்கான். கடைசிப் பாட்டுல மேல ஏறி எறங்கி வந்தான் பாத்துக்கோங்க, நானே அடி விட்டுட்டேன்."

என்னை விடவா? அந்தக் காலேஜ் பையனா? ஏறினானாமே, எங்க ஏறினான், எப்படி எறங்கினான்? பாட்டு எழுதின எனக்குத் தெரியாத எடம் அதுல எங்கருந்துடா வந்துச்சு?

அண்ணன் மகன் வாசிக்கிறான் என்று சம்பத்குமார் சார் நேற்று மெட்ராஸுக்கே போய்ப் பிடித்து வந்த கேசட்டை வாங்கி வந்துவிட்டேன். கேட்டேன். திருப்பித் திருப்பிக் கேட்டேன். வாசிக்கத்தான் செய்கிறான், பாவி. விரல் எங்கே போகிறது என்று பிடித்துவிட்டேன். என் பேஸில் வாசித்துப் பார்க்கிறேன், அந்த வேகம்தான் வரவில்லை. பக்கத்து ரூம்காரன் சுவரைத் தட்டுகிறான். தட்டட்டும். மார்கழிக்கு இன்னும் நாள் இருக்கிறது.