ஓமலூர் கேட்டில் மாற்றிய அட்டை

நேற்று உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வரும் வழியில் ஓமலூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. டீசல் புகை பஸ்ஸுக்குள் ஏறியது. என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். பக்கத்து சீட்டு அம்மா, "ஏனுங்க, ரயிலு போனாத்தானுங்க தொறப்பாங்க" என்றார். உன்னைத் தெரியாதவர், பாவம்.

எழுபதுகளின் கடைசி அது. மேட்டூரில் ஒரு கம்பெனியில் நீயும் நானும் கம்ப்யூட்டருக்கு அட்டை துளைத்துக்கொண்டிருந்தோம். கம்ப்யூட்டர் இருந்ததோ பெங்களூரில். வாரம் ஒருமுறை அட்டைப் பெட்டி வேனில் போகும். பதில் அடுத்த வாரம்தான் வரும். தொழிலாளர்களின் லீவுக் கணக்குக்கு நீயே அசெம்ப்ளர் என்ற கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதினாய். முதல் ஓட்டத்திலேயே சரியாக வந்தால் உனக்குப் புரோகிராமர் வேலை என்றார் அதிகாரி. வராவிட்டால், துளைத்தது போதும் என்று உன் அப்பா வீட்டோடு நிறுத்திவிடுவார்.

வேன் கிளம்பிய மத்தியானம் குவார்ட்டர்ஸ் பக்கம் நடந்துகொண்டிருந்தோம். ஒரு வீட்டின் கதவு எண்ணைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாய்.

"அம்மிணி, கெட்டுது போ! பன்னெண்டுன்னு எழுதினா மிசினு பன்னெண்ட எடுத்துக்காது. பன்னெண்டாம் நம்பர் ஊட்டுக்குப் போயி, அங்க என்ன கெடக்குதோ அத எடுத்தாந்துரும்!"

ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் லீவு. அந்த எண்ணையே கட்டளைக்குள் வைத்துக் கொடுக்க வேறு கட்டளை இருந்தது. நீ எழுதியதோ, நினைவகத்தில் இடம் தேடிப் போகும் கட்டளை.

"அடுத்த வாரம் திருத்திக்கலாம்" என்றேன்.

"அடுத்த வாரம் நா ஊட்டுல இருப்பேன்" என்று ஓடினாய். புது அட்டை ஒன்றைத் துளைத்துக்கொண்டு வந்து, காலி டிரம் ஏற்றிய லாரியை மறித்தாய். "அண்ணா, ஓமலூரு வரைக்கும் ஏத்திக்கோங்க!"

நாம் லாரியில் போய்ச் சேர்ந்தபோது, மூடிய இதே கேட்டின் முன்னால் நின்றது நம் அட்டை வேன். நடுரோட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாய். பாதி அட்டை புரட்டுவதற்குள் கேட் திறந்துவிட்டது. பின்னால் ஒரே ஹாரன். கட்டு சரிந்து வரிசை கலைந்தால் எல்லாம் போச்சு. எனக்கோ மானம் போனது. உன் சடையைப் பிடித்து இழுத்தேன். "இரு அம்மிணி" என்றாயே தவிர, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தப்பான அட்டையை உருவி என் கையில் திணித்துவிட்டுப் புதியதைச் செருகினாய்.

வேலை கிடைத்தது. அதன் பிறகும் நீ ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவசரக்காரி, போவதற்குமா அவசரம்? அழுகையைவிடக் கோபம்தான் வருகிறது.

நேற்று ரயில் போன பிறகும் கேட்காரர் ஆடி அசைந்துதான் வந்தார். கேட் திறந்ததுதான் தாமதம், பஸ்ஸை விட்டு இறங்கி ஓடினேன். இந்த வயதில், ஹாரன்களுக்கு நடுவில், கைப்பையில் அந்தத் தப்பு அட்டையோடு. கேட்டுக்கு அப்பால் இரண்டு தெரு தள்ளி இருக்கும் உன் வீட்டு வாசலில்தான் போய் நின்றேன். விலாசம் சரிதான். உள்ளே நீ இல்லை.