சித்துவுக்குக் குடிதான் என்று எழுதிப் போடு

மந்தைவெளி
8.3.1998, ஞாயிறு

அன்புள்ள நிஷா பாப்பாவுக்கு நைனா எழுதுவது. இங்கே நானும் உங்கம்மா தேவானையும் குறையில்லாமல் கீறோம், உன் தம்பி சித்து ரெண்டு ஆள் சோறு தின்கிறான், லண்டன் குளிரில் நீ விறைச்சுப் போகாமல் இருக்கிறாயா என்று எழுது. முதலில் ஒண்ணு சொல்லிடறேன், திட்டாதே. உன் ஆறு பக்கக் கடிதத்தை நான் படிக்கவில்லை. நாலாங் கிளாஸோடு நின்றவனுக்கு உன் கோழிக் கிறுக்கல் எங்கே புரியும். ஆட்டோ ஸ்டாண்டுக்கு எடுத்துக்கினு போய் மெஹபூப் அலி பாயிடம் கொடுத்தேன், அவருக்கு மெதுவாகப் படிக்கத் தெரியாது, கட்சி மீட்டிங்கில் மைக் கிடைத்த மாதிரி படித்தார். பதினோரு வண்டிக்காரனும் கேட்டான், டீக்கடையில் நின்றவனும் கேட்டான். முதல் ரெண்டு பக்கம் எனக்குப் பெருமை தாங்கவில்லை, என் பொண்ணு எழுதினது என்று எல்லாருக்கும் டீ சொன்னேன். மூணாம் பக்கத்தில்தான் நீ சித்து பேரைப் போட்டு, அவனுக்கு மூளை வியாதி என்று எழுதியிருந்தாய்.

உனக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு. சித்து தனக்குத்தானே பேசுவதை ஸ்டாண்டில் நாலு வருஷமாகக் குடி என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். ஒரு சொட்டு நாக்கில் வைத்ததில்லை அவன். ஆனால் குடிகாரன் என்றால் எவனும் மேலே கேட்க மாட்டான், அங்கே பாதிப் பேர் அதே கட்சிதானே. இன்னாடா காலையிலேயே ஊத்திக்கினியா என்று முதுகில் தட்டி வண்டி கழுவக் கொடுத்தார்கள், டீ கொடுத்தார்கள். மயிலாப்பூர் குளத்துப் பக்கம் இட்லி விற்கிற பங்கஜம் தன் பெண்ணையே அவனுக்குக் கொடுக்கச் சம்மதித்திருந்தாள், எங்க வீட்டுக்காரரும் குடிச்சவர்தான், கல்யாணம் ஆனா அடங்கிடும் என்றாள். சித்திரையில் தேதி பார்ப்பதாக இருந்தோம். அதுக்குள்ளே நீ லண்டனில் உட்கார்ந்தபடியே கல்யாணத்தில் கை வைத்துவிட்டாய், கெட்டிக்காரி.

மனுஷன் பேச ஆரம்பித்த காலத்தில் மூளைக்குள் தூரதூரமாக இருந்த இடமெல்லாம் புதுசாக இணைஞ்சதாம், அந்த இணைப்பு சில பேருக்குப் பிசகினால் அவங்க நினைப்பே வேறு யாரோ பேசற மாதிரி கேட்குமாம், குரங்குக்கு இது வருவதில்லையாம், மனுஷங்க எல்லாரும் பேசறதுக்கு சில பேர் விலை கொடுக்கிறாங்க என்று சில படிச்சவங்க நினைக்கிறாங்களாம், இன்னும் முடிவாகலை என்றும் நீயே எழுதியிருக்கிறாய். முடிவாகாததை ஏண்டி எழுதினே. இண்டிகேட்டர் போட்டால் ஹாரன் அடிக்கிற வண்டி நான் எத்தனை ஓட்டியிருக்கேன், வயரிங் சமாசாரம் எனக்குப் புரிந்தது. ஸ்டாண்டில் மத்தவனுங்களுக்கும் புரிந்தது, அதுதான் வம்பு. குடும்பத்தில் வரலாம் என்று நீ எழுதின வரியை பாய் ரெண்டு தடவை படித்தார்.

மறுநாள் காலையில் வாளியோடு போன சித்துவை ஒருத்தனும் வண்டியைத் தொட விடவில்லை. குரங்கா பொறந்திருந்தா பொழைச்சிருப்பேடா என்று ஒருத்தன் சொன்னான், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், நல்லாத்தான் இருந்தது. சித்து வாளியைக் கீழே வைத்துவிட்டு, எல்லாரும் பேசறதுக்கு நானா நைனா விலை கொடுத்தேன் என்று கேட்டான். ஆமாண்டா பெரிய வள்ளல், ஸ்டாண்டு முனையில உனக்குச் சிலை வைக்கச் சொல்றேன் என்றேன். அன்றையிலிருந்து அவன் வாசலைத் தாண்டவில்லை. நீ கடிதத்தில் போட்ட மூளைப் படத்தை வைத்துக்கினு கோட்டின் மேலேயே விரலை ஓட்டிக்கினு கீறான். உங்கம்மா அழுதுகினே சமைக்கிறாள், உப்புச் செலவு மிச்சம்.

பங்கஜம் காதுக்கு மத்தியானமே போய்விட்டது. குடின்னா என் பொண்ணு சமாளிப்பா, மூளைன்னா பொறக்கப்போற பிள்ளைக்கும் வருமே என்று சொல்லி அனுப்பினாள். நீ லண்டனில் பார்த்த வேறே எந்தச் சித்தார்த்தனையோ பற்றி எழுதினது என்று நான் கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் பண்ணினேன். நேரில் பார்த்து முடிவு சொல்கிறேன் என்று இன்று சாயங்காலம் வருகிறாள். அதுக்காகக் குவார்ட்டர் பிராந்தி வாங்கி வைத்திருக்கிறேன். நாலு மணிக்கு அவன் வாயில் பாதி, சட்டையில் பாதி. நாத்தம் அடித்து ரெண்டு தடவை தள்ளாடினால் போதும், அவளுக்குச் சந்தேகம் போய்விடும். மாத்திரை சாப்பிடறவனுக்கு ஆகாது என்று உங்கம்மா மூக்கைச் சிந்துகிறாள். ஒரு நாளைக்கு மாத்திரையை நிறுத்தினால் குடி முழுகிப் போகாது.

நீ செய்ய வேண்டியது ரெண்டே வரி. என் தம்பிக்குக் குடியைத் தவிர ஒன்றும் இல்லை, முன்னே எழுதினது வேறே ஆளைப் பற்றி என்று கொட்டை எழுத்தில் எழுதிப் போடு, பாய் அதையும் உரக்கப் படிப்பார். முடியாது என்றால் நான் செத்த பிறகு அவனை நீதான் வைத்துக்கொள்ள வேண்டும், அதையும் யோசி. உனக்கும் இனி இந்தப் பக்கம் மாப்பிள்ளை கிடைக்க மாட்டான், குடும்பத்தில் வரும் என்று நீயே ஊருக்குச் சொல்லியாச்சு. வெள்ளைக்காரனாகப் பிடி, அவனுக்குத் தமிழ் படிக்க வராது.

நீ நோய் நொடி இல்லாமல் பெரிய டாக்டராகி நிறைய வருஷம் இருக்கணும் கண்ணு, உங்கம்மாவும் அதைத்தான் கும்பிடுகிறாள். காதை மூடி குல்லா போட்டுக்கோ. ரெண்டு வரியை மறக்காதே.

இப்படிக்கு
உன் நைனா
மா. சுப்புராயன்

பி.கு. திங்கள் காலை. தபாலில் போடுவதற்கு முன் இதையும் எழுதிவிடுகிறேன். பிராந்தியை ஊத்த சித்து வாயைக் காட்டவில்லை, மாத்திரை போட்டுக்கினு குடிக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிக்கீது என்றான். எப்படி என்று நான் ஒரு மடக்கு குடித்துக் காட்டினேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடியும் காட்டினேன். பங்கஜம் ஆறு மணிக்கு வந்தாளாம். சித்து துவைத்த சட்டை போட்டு, நாற்காலி எடுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்து, நீ போட்ட மூளைப் படத்தைக் காட்டி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னானாம். மூளை வியாதி எனக்குத்தான், குடிக்கிறது எங்க நைனா, அதோ கட்டிலுக்கு அடியில் கீறார் என்றானாம். பங்கஜம் குனிந்து பார்த்துவிட்டு, சரியாத்தான் சொல்றான் என்று எழுந்து போனாளாம்.