இடப்பக்கத்துச் செருப்புச் சத்தம்

அக்டோபர் 3

ஜின்பெய் வேஷத்துக்கான மூன்று நாள் தாடியை இன்றும் என் முகத்தில் பசை வைத்து ஒட்டினார்கள். சொந்தத் தாடியையே வளர்த்துக்கொள்ளலாம்தான். ஆனால் அது நரைத்து வருகிறது. ஊர் ஊராகத் திரியும் வாள்வீரனுக்கு நரை கூடாது என்பது படக் கம்பெனியின் சட்டம். ஜின்பெய்க்கு வீடு கிடையாது, எஜமான் கிடையாது, வயதும் கிடையாது. எனக்கு மூன்றும் இருக்கின்றன.

கோயில் வாசல் சண்டை. இடப்பக்கத்திலிருந்து பாய்ந்து வந்து வெட்டுப்பட வேண்டியவன் யாஸோகிச்சி. என் கையால் செத்துச் செத்தே பிழைப்பு நடத்துகிறவன். பாய்வதற்கு முன்னால் வைக்கோல் செருப்பைச் சரளைக்கல்லில் 'சரக்'கென்று தேய்க்கிறான். ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு டேக்கிலும். பதுங்கி வந்து கொல்ல வருகிறவன் இப்படியா வருவான்? எல்லார் முன்னாலும் சத்தம் போட்டேன். "சரிண்ணே" என்று தலையைச் சொறிந்தான். அடுத்த டேக்கிலும் அதேதான்.

நான் சரியாகத்தான் திரும்பி வெட்டினேன். பழகிய உடம்பு, அதற்குக் கண்ணே தேவையில்லை.

இதை எழுதிவிட்டுச் சிரிப்பு வருகிறது. காலையில் தேநீரைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினேன். மனைவி ஷிமா ஒன்றும் கேட்காமல் துடைத்தாள். இடது கண்ணில் பனிமூட்டம். வலதிலும் லேசாக ஆரம்பித்திருக்கிறது. விளக்கைப் பார்த்தால் அதைச் சுற்றி வட்டம் வட்டமாக வெளிச்சம். யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. தெரிந்தால் அடுத்த படத்தில் ஜின்பெய் வேஷம் செகிக்குத்தான். அந்தப் பையனைக் கம்பெனி இரண்டு வருஷமாகப் பாலூட்டி வளர்க்கிறது.

அக்டோபர் 4

கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கினேன். செட்டில் தூசி அதிகம் என்று ஷிமாவிடம் சொன்னேன். "ஆமாமா, தூசிதான்" என்றாள்.

அக்டோபர் 7

மறுபடியும் சரக்.

பொறுக்க முடியவில்லை. டைரக்டர் முரோயிடம் போய், அவனை எடுத்துவிடுங்கள் என்றேன். "யாஸோவையா? உங்க கையால இத்தனை வருஷமா செத்தவன்ங்க" என்றார். வேறு ஆளே கிடைக்காதா என்றேன். முரோய் என்னைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு, சரி என்றார். அவனைப் பல்லக்குத் தூக்குகிறவர்களோடு சேர்த்துவிட்டார்கள்.

போகிறபோது கிட்டே வந்தான். "அண்ணே, யாரை வேணா போடுங்க. இடது பக்கம் மட்டும் புது ஆளை நிறுத்தாதீங்க."

இடது பக்கம் என்ன, இவன் பெயரில் பட்டா போட்ட இடமா? கொழுப்பு. அப்படியே சொல்லியும் அனுப்பினேன்.

அக்டோபர் 9

மழை. படப்பிடிப்பு இல்லை. வீட்டிலேயே இருந்தேன். டர்னிப் ஊறுகாயை எடுக்கப்போய் கடுகுக் கிண்ணத்தைக் கவிழ்த்தேன்.

அக்டோபர் 10

எப்படி எழுதுவது.

புது ஆள் தாட்சுவோ. நல்ல பிள்ளை, போன வருஷம்தான் கல்யாணம் ஆனது. முன்னால் இருவர், வலப்பக்கம் ஒருவர், கடைசியாக இடப்பக்கம் இவன். மூன்று பேரை வெட்டினேன். நாலாமவன் எங்கே? சத்தமே இல்லை. பூனைபோல வந்திருக்கிறான், சொல்லிக்கொடுத்தபடி. நான் குத்துமதிப்பாகத் திரும்பி வீசினேன். கையில் ஏதோ இடறியது. மூங்கில் வாள்தான், வெள்ளித்தாள் ஒட்டியதுதான். ஆனால் புருவம் கிழிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

அவன் கண்.

ரத்தம் வழிய மண்டியிட்டு, "மன்னிச்சிடுங்க, நான்தான் லேட்டா வந்துட்டேன்" என்று நெற்றி தரையில் பட வணங்கினான். எல்லாரும் அவனைத்தான் திட்டினார்கள். நானும் பெரிய மனுஷனாட்டம் தலையாட்டினேன்.

அவன் லேட் இல்ல. வர வேண்டிய நேரத்துக்குத்தான் வந்தான். எனக்குத்தான் தெரியல. தெரிஞ்சும் தலையாட்டினேனே, என்ன ஜென்மம் நான்? ஜின்பெய்யா இருந்தா அங்கேயே வாளைக் கீழே போட்டிருப்பான்.

சாயங்காலம்தான் உறைத்தது. அந்தச் சரக்.

அக்டோபர் 11

தாட்சுவோவுக்குத் தையல் போட்டிருக்கிறது. பார்வைக்கு ஒன்றுமில்லையாம்.

மத்தியானம் ஸ்டுடியோ வாசலில் உள்ள ஊதோன் நூடுல்ஸ் கடையில் யாஸோகிச்சியைப் பிடித்தேன். பல்லக்குக்காரன் வேஷத்தோடு உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருந்தான். எதிரே உட்கார்ந்து, எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். சுற்றிவளைக்க அவனுக்கும் தெரியாது.

"வசந்தத்துல, அந்தப் பாலத்துச் சண்டைலேர்ந்து. என்னை வெட்டிட்டு எனக்குப் பின்னால இருந்த கம்பத்தை முறைச்சீங்க."

"ஏன்டா சொல்லல?"

"யாருகிட்ட? கம்பெனிகிட்ட சொன்னா உங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. உங்ககிட்ட சொன்னா என்னை அனுப்பிடுவீங்க. சொல்லாமலே அனுப்பிட்டீங்க, அது வேற."

எனக்காகவா இதெல்லாம் செய்தாய் என்று கேட்டேன். அவனோ கிண்ணத்தைத் தூக்கிச் சாற்றைக் குடித்துவிட்டு, "உங்களுக்காகவா? மண்டை என்னோடதுண்ணே" என்றான்.

எழும்போது சொன்னான்: "ஒரே வருத்தம்தான். எவ்வளவு அழகா சாகறேன், நீங்க பார்க்கவே மாட்டேங்கறீங்க."

அக்டோபர் 12

ஷிமாவிடம் சொன்னேன். "தேநீரை மேஜையில ஊத்தறப்பவே தெரியும். நீங்களா சொல்லணும்னு இருந்தேன்" என்றாள். டாக்டரிடம் அழைத்துப்போனாள். கண்புரை. அறுவைசிகிச்சை செய்யலாம், ஆனால் பல மாதம் ஓய்வு வேண்டும், அதுவரை வாள் பக்கமே போகக்கூடாது என்றார். திரும்பி வரும் வழியில் ஷிமா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். தெருவில் அவள் அப்படி நடந்ததே கிடையாது.

அக்டோபர் 13

முதலில் தாட்சுவோ வீட்டுக்குப் போய் அவனையும் அவன் மனைவியையும் வணங்கினேன். நீ தாமதமாக வரவில்லை, எனக்குத்தான் கண் தெரியவில்லை என்றேன். அந்தப் பெண் அழுதாள். அவன் என்னைவிடக் கூச்சப்பட்டான்.

அப்புறம் முரோயிடம் போனேன். அவர் சிகரெட்டைப் பற்றவைக்கவே மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். மாலைக்குள் கம்பெனியின் பதில் வந்துவிட்டது. இந்தப் படத்தை முடித்துக்கொடுக்க வேண்டும். அடுத்ததிலிருந்து ஜின்பெய் செகி. இவ்வளவு சீக்கிரம் முடிவெடுத்தார்கள் என்றால் முன்னாலேயே எடுத்து வைத்திருந்தார்கள் என்றுதானே அர்த்தம்?

வலிக்கிறது. அழகாக எழுத ஒன்றுமில்லை, வலிக்கிறது.

மிச்சம் ஒரு சண்டையும், ஜின்பெய் முதுகைக் காட்டி நடந்துபோகும் கடைசி ஷாட்டும். கடைசி ஷாட்டுக்கு வேறு ஆளை நடக்கவிடலாமா என்று முரோய் மெல்லக் கேட்டார். என் முதுகை இந்த நாட்டில் எல்லாருக்கும் தெரியும் என்றேன். திமிர் இன்னும் போகவில்லை, பரவாயில்லை.

அக்டோபர் 20

யாஸோகிச்சி திரும்பவும் இடப்பக்கம் வந்தான். சரக். வெட்டினேன். ஒலிப்பதிவுக்காரர் செருப்புச் சத்தம் கேட்கிறது என்று முறையிட்டார். வேலையைப் பாருங்கள், இருக்கட்டும் என்றேன். முரோய் டேக் ஓகே என்றார்.

அக்டோபர் 24

கடைசி ஷாட். ஆற்றங்கரை, இரண்டு பக்கமும் வெள்ளையாகப் பூத்த நாணல், நடுவில் ஒற்றையடிப் பாதை. இடப்பக்கம் கரை சரிந்து பள்ளம். ஜின்பெய் வழக்கம்போல யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், விழுகிற சூரியனைப் பார்த்துப் போக வேண்டும். சூரியன் இறங்குவதற்குள் எடுத்தாக வேண்டும். ஒரே டேக்தான்.

"அந்த ஒத்தைப் பைன் மரத்தைப் பார்த்து நடங்க" என்றார் முரோய். சரி என்றேன். மரமா? எதிரே வெயில் முகத்தில் அடித்தது. எனக்கு எல்லாமே வெள்ளை. பாதை, நாணல், ஆறு, வானம் எல்லாம் ஒரே பால்.

ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார்கள். நின்றேன். முதுகுக்குப் பின்னால் கேமரா ஓடும் சத்தம். கால் எழவில்லை. பள்ளத்தில் விழுந்தால் விழட்டும் என்றும் நினைத்தேன். அப்படி முடிந்தால்கூட—

அப்போது முன்னால், நாணலுக்குள்ளிருந்து, சரக்.

அவனுக்கு இன்று வேலையே கிடையாது. அவன் செத்து நாலு நாள் ஆகிறது. எப்போது வந்து உள்ளே ஒளிந்தானோ. இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொரு சரக். நடந்தேன். சத்தத்தைப் பார்த்து நடந்தேன். முரோய் 'கட்' சொல்ல வெகுநேரம் எடுத்துக்கொண்டார். சொன்ன பிறகும் நான் போய்க்கொண்டேதான் இருந்தேன்.

"போதும்ணே, நில்லுங்க. இதுக்கு மேல ஆறு."

ஜனவரி 6

அறுவைசிகிச்சை ஆயிற்று; மூன்று வாரத்துக்கு முன் கட்டுப் பிரித்தார்கள். மூக்குக் கண்ணாடி பாட்டில் அடிப்பாகத்தைப்போல அவ்வளவு தடிமன். ஷிமாவுக்கு இவ்வளவு நரைத்திருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது. என் தலையைப் பற்றி அவளும் ஒன்று சொன்னாள்.

புத்தாண்டுக் கூட்டத்தோடு கூட்டமாக யாஸோகிச்சியும் நானும் படம் பார்க்கப் போனோம். கண்ணாடியோடு என்னை ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. செகி கையால் சாவது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அவனுக்கு நல்லா கண்ணு தெரியுது. அதனால சுவாரசியமே இல்ல" என்றான்.

கோயில் வாசல் சண்டை வந்தது. முதல்முறையாக அவன் சாவதைப் பார்த்தேன். முதுகை வில்லாக வளைத்து, காற்றைப் பிடித்து, ஒரு சுற்றுச் சுற்றி, முழங்காலில் இறங்கி, கடைசியில் போனால் போகிறதென்று விழுகிறான்.

"ரொம்ப இழுக்கிறடா" என்றேன்.

"இப்பதானே பார்க்கறீங்க, சொல்லுங்க சொல்லுங்க" என்று வாய் கொள்ளாமல் சிரித்தான்.

கடைசி ஷாட்டில் ஜின்பெய் போகிறான். பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பாவம், தனியாவே போறாரு பாரு" என்றாள். நாணல் ஓர் இடத்தில் மட்டும் காற்றில்லாமல் அசைகிறது. யாஸோகிச்சி அரிசி முறுக்கைச் சத்தமாகக் கடித்தான்.

வெளியே வரும்போது வாசலில் படிக்கட்டு. முன்னால் இறங்கியவன் பழக்கதோஷத்தில் மரச்செருப்பைக் கல்லில் தேய்த்தான், சரக். எனக்குப் படிகள் நன்றாகத் தெரிந்தன. சொல்லவில்லை. அந்தச் சத்தத்தின் பின்னாலேயே இறங்கினேன்.