குழாய் தட்டாத பெயர்

ரங்கம்மாளுக்கு, நான் சொல்ல டீக்கடை ஜாஸ்மின் எழுதுகிறாள். சௌக்கியம். உன் முட்டிவலி எப்படி?

நீ ஆம்பூர் ஷூ கம்பெனியில் சேர்ந்த வருஷம்தான் இந்தத் தங்கச் சுரங்கம் மூடியது, உன் அண்ணன் காணாமல் போனதும் அப்போதுதான். அவனுக்குத் திதி கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய்.

ஞாயிறன்று மலை சுற்றிப் பார்க்க வந்தவர்களைச் சுரங்க வாயிலுக்குக் கூட்டிப்போனேன். சுரங்கம் ஓடிய காலத்தில் வெடி வைத்தபின் மேஸ்திரி மேலிருந்து பேர் கூப்பிடுவார், உயிரோடு இருப்பவன் கீழே காற்றுக் குழாயைத் தட்டுவான். அதைக் காட்ட என்னோடு கீழே இறங்கிய செட்டு ஆட்களின் பேரை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். பேர் சொல்லச் சொல்லக் கீழிருந்து குழாய் தட்டும் சத்தம் வந்தது.

"இன்னா தாத்தா, உள்ள ஆளு இருக்கா?" என்றாள் வந்ததில் ஒரு பெண்.

"செத்துப்போனவங்கம்மா" என்றேன். சிரித்தார்கள்.

ஒரு பேருக்கு மட்டும், மூன்று தரம் கூப்பிட்டும் சத்தமில்லை.

என் முட்டிக்கும் தைலம் அனுப்பு. திதி வேண்டாம். செட்டில் என்னைத் தவிர உயிரோடு இருப்பவன் உன் அண்ணன் பரசுராமன்தான்.